கேட்பாரற்ற மாமனார்

பதினேழாம் எண் பேருந்து காலையில் மலைக் குடியிருப்புகளிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு நகரத்துக்கு இறங்கும். மாலையில் அதே ஆட்களை அள்ளிக்கொண்டு மேலே ஏறும். இருபத்தாறு வருடம் இப்படி நடந்ததில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. போக்குவரத்து வாரியம் அமைத்த ஆய்வுக் குழுவுக்குத்தான் தெரிந்தது. எட்டு மாதம் ஆராய்ந்து, முந்நூறு பக்கங்களில் குழு கண்டுபிடித்தது இதுதான்: மேலே ஏறும்போது பேருந்து அதிகமாக டீசல் குடிக்கிறது. காரணம், உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்.

"இறக்கத்தில் பயணி ஓர் உந்துசக்தி, ஏற்றத்தில் பயணி ஒரு சுமை" என்று கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. பொது மேலாளருக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போய், பச்சை மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டார். கையோடு ஆணையும் பிறந்தது. இனிமேல் கீழே இறங்குவது மட்டுமே 'சேவை'. மேலே ஏறுவது 'வண்டித் திருப்பம்'. மறுபடி இறங்குவதற்காக வண்டி மேலே போய்த்தான் ஆகவேண்டும். அதில் ஆளும் போகவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அன்று முதல் மாலை நேரத்தில் பேருந்துகள் காலி இருக்கைகளோடு மலையேறின. கால அட்டவணையை மீறக் கூடாது என்பதால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை நிமிடம் நின்றன. கதவு மட்டும் திறக்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதுவார், வண்டி கிளம்பும். சனங்கள் மலைச் சரிவில் வெட்டிய நானூற்றுப் பன்னிரண்டு படிகளில் ஏறி வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அப்படி ஏறியவர்களில் ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் பதினெட்டு மாடிக் கட்டடங்களில் கம்பிவடத்தைச் சோதித்து, பிரேக்கைச் சரிசெய்து, ஊராரையெல்லாம் நோகாமல் மேலே ஏற்றிவிட்டு, மாலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் படியேறுவார். இருநூறாவது படியில் ஒரு முறை உட்காருவார். முணுமுணுக்க மாட்டார். சண்டை சச்சரவு என்றாலே அவருக்கு ஆகாது. அவர் பாட்டுக்கு ஓய்வு பெறும்வரை ஏறிக்கொண்டே இருந்திருப்பார், மாமனாருக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை நடக்காமல் இருந்திருந்தால்.

மாமனார் தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் பார்சல் பிரித்தவர். முகவரி சரியில்லாத எதையும், யாரையும் ஏற்றுக்கொள்ளாதவர். மருமகனை ஏற்றுக்கொள்ள அவருக்கு நான்கு வருடம் பிடித்தது என்று உறவினர்கள் சொல்வார்கள். மருமகனைக் கேட்டால், இன்னும் பரிசீலனையில் இருப்பதாகச் சொல்வார்.

நகரத்து ஆஸ்பத்திரியில் முட்டியைப் பிரித்து, உலோகம் வைத்துத் தைத்து, எட்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். "ஆறு வாரத்துக்கு ஒரு படிகூட ஏறக் கூடாது. புரியுதா? ஒரு படி."

ஆம்புலன்ஸ் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் வருமாம். நோயாளி பிழைத்துவிட்டால் அவர் பாடு. மலைச் சாலையில் வாடகை வண்டிகளுக்குத் தடை, அது வாரியத்தின் ஏகபோகம். மெக்கானிக்கிடம் சொந்த வண்டி கிடையாது. ஆகவே மாமனாரை மெல்ல நடத்திப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிவந்தார். பதினேழாம் எண் கிளம்பத் தயாராக நின்றது. உள்ளே ஈ காக்கை இல்லை.

"அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், கேட்காதீங்க" என்றார் கண்டக்டர். "போன மாசம் ஒரு பூனை ஏறிடுச்சுன்னு எனக்கு மெமோ வந்துச்சு. இன்னும் பதில் எழுதிக்கிட்டிருக்கேன்."

"பெரியவரைப் பாருங்க. கட்டுகூடப் பிரிக்கலை."

"பார்க்குறேன். மனசு கேட்கலைதான். தலைமை அலுவலகத்துல ஒரு தடவை பேசிப் பாருங்களேன்."

மாமனாரை நிலையத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மெக்கானிக் தலைமை அலுவலகத்துக்கு ஓடினார். மூன்றாம் மாடி. லிஃப்டில் 'இயங்காது' என்று பலகை தொங்கியது. கை சும்மா இருக்குமா? பெட்டியைத் திறந்து, கழன்றிருந்த ஃப்யூஸைச் செருகினார். லிஃப்ட் உயிர் பெற்றது. ஆனால் காவலாளி குறுக்கே கையை நீட்டிவிட்டார். "பலகையை எடுக்க எனக்கு உத்தரவு வரலை. படியில போங்க."

பிரிவு அதிகாரி ஒரு பெண்மணி. மரியாதையாகப் பேசினார். ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"போன மூணு மாசக் கணக்கு. மேலே போக எத்தனை டிக்கெட் வித்திருக்குன்னு நீங்களே பாருங்க."

"பூஜ்யம்னு போட்டிருக்கும்மா."

"தேவையே இல்லாத இடத்துக்கு நாங்க எப்படி சர்வீஸ் விட முடியும்?"

"வண்டிதான் தினம் போகுதேம்மா."

"வண்டி போகுது. தேவை போகலை."

மெக்கானிக் கணக்குத் தாளைத் திருப்பி மேஜையில் வைத்தார். "அம்மா, ஒரு லிஃப்ட் ஆளை விட்டுட்டுத் தானா மேலே போச்சுன்னா அதுக்குப் பேரு பழுது. அதைச் சரிபண்ணத்தான் என்னைக் கூப்பிடுவாங்க."

"இங்க அதுக்குப் பேரு சிக்கனம்."

கடைசியில் அதிகாரி இரக்கப்பட்டு ஒரு படிவம் கொடுத்தார். தலைப்பு: 'மேல்நோக்கிய மனித நகர்வுக்கான சிறப்பு அனுமதி'. அதோடு, முதியவர் மலைமேல் வசிப்பதற்கான சான்றிதழ் வேண்டும். அதை மலைமேல் இருக்கும் வட்ட அலுவலகத்தில் முதியவரே நேரில் போய் வாங்க வேண்டும்.

"அங்க போக முடியலைன்னுதானேம்மா இங்க வந்திருக்கோம்?"

"போய் வாங்கிட்டு வந்தீங்கன்னா, போறதுக்கு அனுமதி தந்துடுவோம்."

குனிந்து படிவத்தை மடிக்கும்போது மேஜைக்கு அடியில் மெக்கானிக்கின் பார்வை போனது. அதிகாரியின் காலில் செம்மண் அப்பிய கான்வாஸ் ஷூ. "நீங்க எங்கம்மா குடியிருக்கீங்க?"

"நானும் மேலேதான். தினம் நானூத்திப் பன்னிரண்டு படி." பெருமையும் முட்டிவலியும் கலந்த குரலில் சொன்னார். "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே!"

மெக்கானிக் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தபோது மாமனார் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"மாப்பிள்ளை, இப்பத்தான் ஒரு குடை மேலே போச்சு."

"குடையா?"

"யாரோ மறந்துட்டு இறங்கிட்டாங்க. கண்டக்டர் அதுக்கு ஒரு அடையாளச் சீட்டு கட்டி, நோட்டுல எழுதி, ஜன்னலோரமா சாய்ச்சு வெச்சுக் கூட்டிட்டுப் போறாரு. நான் இங்க ஒத்தைக் காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், குடை ஜம்முனு போகுது!" கைத்தடியால் சுவரைக் காட்டினார். அங்கே மஞ்சளேறிய ஓர் அறிவிப்பு. "அதைப் படிங்க."

மெக்கானிக் படித்தார். 'விதி 44. பேருந்தில் விட்டுச் செல்லப்பட்ட எந்தப் பொருளும், அதன் தன்மை, அளவு, எடை எதுவாயினும், மேலே செல்லும் அடுத்த வண்டியில் மலைமேல் பணிமனையிலுள்ள கேட்பாரற்ற பொருள்கள் அறைக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும்.'

"எந்தப் பொருளும்னு போட்டிருக்கான்" என்றார் மாமனார். "உயிரில்லாததுன்னு போடலை. எங்க தபால் இலாகாவுல அதை முதல் வரியிலேயே போட்டுடுவோம். இல்லாட்டி கோழிக்குஞ்சைப் பெட்டியில போட்டு எடுத்துட்டு வருவான்."

"மாமா! உங்களை நான் எப்படி மறந்துட்டு இறங்குறது?"

"போன வருஷம் ரயிலடியில ஒன்றரை மணி நேரம் மறந்தீங்களே, அதே மாதிரிதான். உங்களுக்குப் பழக்கம் உண்டு."

ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு நடந்துபோய், கீழே இறங்கும் வண்டியில் மாமனாரைத் தூக்கி ஏற்றி, முறையாக இரண்டு டிக்கெட் எடுத்து, ஒரே ஒரு நிறுத்தம் பயணம் செய்தார்கள். நிலையம் வந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். மெக்கானிக்கும், திருடனைப்போலப் பின்னால் பார்க்காமல் இறங்கினார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, கடைசி ஸ்டாப்" என்றார் அந்த வண்டியின் கண்டக்டர்.

"என்னை மறந்துட்டுப் போயிட்டாங்க. விதி நாற்பத்து நாலு. எழுதிக்கோ."

"பொருள் பேசாதுங்களே, ஐயா."

"இதுதான் கடைசிப் பேச்சு."

கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தார். மூன்று மாதமாகக் காற்றுக்கு விசில் ஊதிச் சலித்தவர் கண்டக்டர். நோட்டை எடுத்தார். 'முதியவர், 1. மாநிறம். பழையது. இயங்குகிறது.' சீட்டை மணிக்கட்டில் கட்டும்போது பொருள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இது என்ன முடிச்சு? ரெண்டு சுத்து சுத்தி இழு" என்றது.

மெக்கானிக் படிகளில் பாய்ந்தார். நூறாவது படியில் மனைவிக்குப் போன் செய்தார்.

"உங்கப்பாவைத் தொலைச்சுட்டேன்."

"எங்க?"

"பஸ்ல. நாமதான் பணிமனைக்குப் போய்க் கேட்டு வாங்கணும். நான் வந்துக்கிட்டிருக்கேன்."

"நீங்க குடிச்சிருக்கீங்களா?"

பணிமனையின் மூலையில் இருந்தது அந்த அறை. அதன் எழுத்தர் பதினோரு வருடமாகக் குடைகளையும், ஒரு சூட்கேசையும், ஒற்றைச் செருப்பு ஒன்றையும் காவல் காத்தவர். தன் வாழ்நாளில் இப்படியொரு பொருள் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மாமனாரை ஒரு மரத்தட்டில், சூட்கேசுக்கும் குடைகளுக்கும் நடுவே பத்திரமாக உட்கார வைத்திருந்தார். மெக்கானிக்கைப் பார்த்ததும் பேனாவைத் திறந்தார்.

"பொருள் எத்தனை வருஷமா உங்க வசம் இருக்கு?"

"ஒன்பது வருஷமா."

"விலைக்கு வாங்கினதா, அன்பளிப்பா?"

"கல்யாணத்தோட வந்தது."

"அன்பளிப்பு" என்று எழுதிக்கொண்டார். "அடையாளம்?"

"இடது கட்டைவிரல்ல ஒரு வடு இருக்கும். பார்சல் சணல் அறுத்தது. வலது காது கொஞ்சம் மந்தம், ஆனா அவரைப்பத்தி மெதுவாப் பேசினா நல்லாக் கேட்கும்."

எழுத்தர் எழுந்துபோய்க் கட்டைவிரலைச் சரிபார்த்துவிட்டு வந்தார். "பைகளுக்கு உள்ளே என்ன இருக்குன்னு கேட்போம். சரியாச் சொன்னாத்தான் தருவோம். இதுக்குள்ளே என்ன இருக்கு?"

மெக்கானிக் தட்டைப் பார்த்தார். மாமனார் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"நிறையக் கோபம் இருக்கு" என்றார் மெக்கானிக். "அடியில, ராத்திரி நான் வரத் தாமதமானா வாசல் விளக்கை அணைக்க விடாத ஒரு மனசும் இருக்கு. அது பழக்கமில்லாதவங்க கண்ணுக்குத் தெரியாது."

எழுத்தர் அவ்வளவையும் எழுத இடமில்லாமல் 'கோபம் முதலியன' என்று எழுதி முத்திரை குத்தினார். மனைவி பக்கத்து வீட்டுச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வீடு வந்ததும் மாமனார் கைத்தடியால் வாசல் விளக்கைக் காட்டினார். "விளக்கை நான் அணைக்காம விடுறது கொசுவுக்காக" என்றார்.

விஷயம் மலையெங்கும் பரவ ஒரு ராத்திரி போதும். மறுநாள் மாலை, நிலையத்துக்கு வந்த முதல் வண்டியில் பதினான்கு பேர் மறக்கப்பட்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் வண்டிக்கு அறுபது பேர். கணவன் மனைவியை மறந்தான், மனைவி மாமியாரை மறந்தாள், ஒரு பள்ளித் தலைமையாசிரியர் பதினெட்டு ஆசிரியர்களை ஒரே மூச்சில் மறந்தார். மறக்க ஆளில்லாத தனிக்கட்டைகள் முன்பின் தெரியாதவர்களிடம் "கொஞ்சம் என்னை மறந்துட்டுப் போறீங்களா?" என்று கெஞ்சினார்கள். மேலே பணிமனை வாசலில் மீட்பவர்கள் வரிசை கட்டினார்கள். முதலில் மீட்கப்பட்டவர் திரும்பி நின்று பின்னால் இருப்பவரை மீட்டார். பத்தாம் நாள் பிரிவு அதிகாரியும் மணிக்கட்டில் சீட்டோடு வந்து இறங்கினார். "விதிப்படிதான் வந்திருக்கேன்" என்று கேட்காமலே எல்லோரிடமும் சொன்னார்.

வாரியம் சும்மா இருக்கவில்லை. வண்டித் திருப்பத்தில் டீசல் செலவு கூடியதைக் கண்டு ஆய்வுக் குழு மறுபடி கூடியது. தொலையும் பொருள்களின் சராசரி எடை அறுபத்திரண்டு கிலோ என்றும், குடைகளைக் கனமாகச் செய்யும் உற்பத்தியாளர்களைக் கண்டிக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. பொது மேலாளர் நிருபர்களை அழைத்துப் பேசினார்.

"இந்த மலைமேல் இருப்பவர்களுக்கு ஞாபக மறதி முற்றிவிட்டது. எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஆனால் வாரியம் எதையும் விடுவதில்லை! ஒரே மாதத்தில் பதினோராயிரம் பொருள்களை உரியவர்களிடம் சேர்த்திருக்கிறோம். பயணிகளுக்கும் இதே சேவையைத் தர முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. பொருள்கள் புகார் செய்வதில்லை."

அந்தச் சாதனையைக் கொண்டாட மலைமேல் புதிதாக ஒரு மண்டபம் கட்டினார்கள். பெயர், 'மறந்தவை மாளிகை'. நீள நீளமாகத் தட்டுகள், மேலே மின்விசிறி. திறப்பு விழா மாலை ஐந்து மணிக்கு.

நாலரை மணிக்குப் பொது மேலாளரின் கார் முதல் வளைவில் புகைந்து நின்றது. பின்னால் பதினேழாம் எண் வந்தது. பொது மேலாளர் இறங்கி அதன் கதவைத் தட்டினார்.

"ஐயா, மேலே போற வண்டியில ஆள் ஏத்தக் கூடாதுங்க" என்றார் கண்டக்டர். "ஆணையில உங்க கையெழுத்துதான்."

பொது மேலாளர் உள்ளே எட்டிப் பார்த்தார். அறுபது முகங்கள் அவரைப் பார்த்தன. "இவங்கெல்லாம் யாரு?"

"தொலைஞ்ச பொருளுங்க ஐயா."

அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். ஆனால் மணி நாலு நாற்பது. ரிப்பன் வெட்ட வேண்டிய கத்தரிக்கோல் அவர் கையில் இருந்தது. டிரைவரைக் காரோடு விட்டுவிட்டு, மெல்ல மணிக்கட்டை நீட்டினார். கண்டக்டர் இரண்டு சுற்று சுற்றி இழுத்துக் கட்டினார்.

மாளிகையின் முதல் தட்டில், முதல் பொருளாக அவர் வைக்கப்பட்டார். மேடையில் இருந்த உயர் அதிகாரிகள் பதறி ஓடிவந்தார்கள். எழுத்தர் கையை நீட்டித் தடுத்தார். "யாராவது உரிமை கோரணும்."

"நாங்க கோருறோம்!"

பிரிவு அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "விதி நாற்பத்தாறுங்க. வாரிய ஊழியர்கள் தொலைஞ்ச பொருளுக்கு உரிமை கோரக் கூடாது. மோசடியைத் தடுக்க ஐயாதான் கொண்டுவந்தாரு."

எழுத்தர் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இது யாரோடதுங்க?"

நானூறு பேர் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. "எங்க வீட்டுது இல்லை" என்றார் ஒரு பெண்மணி, சந்தேகம் வேண்டாம் என்று.

"அந்த ஆணையை இப்பவே ரத்து பண்றேன்! பேனா இருக்கு, பேப்பர் கொடுங்க!" என்று தட்டிலிருந்து கத்தினார் பொது மேலாளர்.

"பதிவேட்டுல ஏறின பொருள் கையெழுத்துப் போட்டாச் செல்லாதுங்க ஐயா" என்றார் பிரிவு அதிகாரி வருத்தத்தோடு.

கால் மணி நேரம் போனது. பொது மேலாளர் கத்துவதை நிறுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசை நாற்காலியில் இருந்த மாமனார் மருமகனின் தோளைத் தட்டினார்.

"போய் வாங்கிட்டு வாங்க."

"நானா? அந்த ஆளையா மாமா?"

"அந்தத் தட்டுல உட்கார்ந்து பார்த்தவன் நான். யாராவது நம்மளைக் கேட்டு வருவாங்களான்னு வாசலைப் பார்த்துக்கிட்டிருக்கிறது இருக்கே, அது எதிரிக்கும் வேண்டாம்." பிறகு அவசரமாக, "எனக்கு ஒண்ணும் பயமில்லை. பொதுவாச் சொன்னேன்" என்றார்.

மெக்கானிக் எழுந்துபோனார். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத்தர் கேட்டதும் கூட்டம் சிரிக்கத் தயாரானது. மெக்கானிக் கொஞ்சம் யோசித்து, "சட்டைப் பையில பச்சை மை பேனா" என்றார். இருந்தது. முத்திரை விழுந்தது.

மீட்ட பொருளை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்பது விதி. ஆகவே பொது மேலாளரை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மெக்கானிக்கின் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்துச் சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்தார் பொது மேலாளர். மீட்டாகிவிட்டதால் அவர் கையெழுத்து இனிச் செல்லும். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து வாசகம் சொன்னார்: 'இந்த நிமிடம் முதல் மேலே ஏறும் வண்டிகளில் பயணிகள் ஏறலாம்.' வாசலில் கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். பொது மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு, கைப்பழக்கத்தில், இரண்டாம் பத்தியையும் அவரே எழுதிக் கையெழுத்திட்டார். கூடவே வந்திருந்த பிரிவு அதிகாரி அதைப் போனில் வாரியத்துக்குப் படித்துக்காட்டிப் பதிவு செய்தார்.

பொது மேலாளர் எல்லோரிடமும் விடைபெற்று நிறுத்தத்துக்குப் போனார். நகரத்துக்கு இறங்கும் வண்டி நின்றிருந்தது. கதவு திறக்கவில்லை. கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஐயா, இப்பத்தான் தகவல் வந்துச்சு. ரெண்டாவது பத்தி. 'மேற்படி சலுகையால் ஏற்படும் டீசல் செலவை ஈடுகட்ட, கீழே இறங்கும் பயணம் இன்று முதல் வண்டித் திருப்பமாகக் கருதப்படும். இறங்குவது மனித இயல்பு.' உங்க கையெழுத்துதான்."

பொது மேலாளர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிரிவு அதிகாரியைப் பார்த்தார்.

"தொலைஞ்ச பொருள் மேலேதாங்க வரும் ஐயா" என்றார் அவர். "கீழே போக விதி இல்லை."

வண்டி காலியாக இறங்கிப் போனது. பொது மேலாளர் படிகளின் பக்கம் நடந்தார். மாமனார் கைத்தடியை ஊன்றி மேல்படி வரை வந்து நின்றுகொண்டார்.

"பார்த்து இறங்குங்க ஐயா. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் முட்டி பேசும்."

பொது மேலாளர் மூன்று நாள் அலுவலகத்துக்கு வரவில்லை. நான்காம் நாள் சுவரைப் பிடித்தபடி வந்து, மலையை எட்டு மாதத்துக்குள் எப்படித் தாழ்த்துவது என்று ஆராய ஒரு குழு அமைத்தார்.